இரண்டு சம்பளச் சீட்டுகள்: கவுன்சிலில் வேலை செய்யும் பெண்கள் சம ஊதியம் கேட்டுத் திரள்வது எப்படி

பிரிட்டனில் எந்தக் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சம்பளப் பட்டியலிலும் 'ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு' என்று எழுதியிருக்காது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேரரும் குப்பை வண்டியில் போகிறவரும் பட்டியலில் ஒரே கிரேடில்கூட இருப்பார்கள். வித்தியாசம் கிரேடுக்கு வெளியே இருக்கும்: போனஸில், ஸ்டாண்ட்பை பணத்தில், உத்தரவாதமான ஓவர்டைமில், 'வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்' என்ற வாய்வழி ஏற்பாட்டில். அதனால் பிரசாரத்தைப் பதாகையில் தொடங்காதீர்கள். ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டையும் ஓர் ஆணின் சம்பளச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் தொடங்குங்கள்.

கீழே உள்ளவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். பள்ளிச் சமையலறை, வகுப்பறை உதவி, துப்புரவு, பராமரிப்பு ஆகிய வேலைகளில் இருக்கும் தமிழ்ப் பெண்களும், யூனியனில் அவர்களோடு நிற்பவர்களும் நேரடியாகப் பயன்படுத்தும்படி எழுதியிருக்கிறோம்.

சட்டம், தேவையான அளவுக்கு

1970இல் வந்த சம ஊதியச் சட்டம் 1975 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒரு பெண் மூன்று வழிகளில் தன்னை ஓர் ஆணோடு ஒப்பிடலாம். இருவரும் ஒரே மாதிரி வேலை செய்வது முதல் வழி. ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போட்டுக் கவுன்சிலே நடத்திய வேலை மதிப்பீட்டில் இரண்டு வேலைகளும் சமம் என்று வந்திருப்பது இரண்டாவது. வேலைகள் வேறுவேறாக இருந்தாலும் மதிப்பில் சமம் என்று காட்டுவது மூன்றாவது.

இரண்டாவது வழிதான் ராஜபாட்டை. புள்ளிகளைப் போட்டதே கவுன்சில் என்பதால் 'இது சமமே இல்லை' என்று அது வாதாடுவது கடினம். மூன்றாவது வழியில், இந்த வழக்குகளை விசாரிக்கும் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் சுயேச்சையான நிபுணரை அமர்த்தலாம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

ஒப்பிடப்படும் ஆண் நிஜமான ஆளாக இருக்க வேண்டும். 'ஓர் ஆண் இருந்திருந்தால்' என்ற கற்பனைக் கணக்கு சம்பள விஷயத்தில் பெரும்பாலும் எடுபடாது. அவர் அதே கட்டடத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை. டம்ஃப்ரீஸ் அண்ட் காலவே கவுன்சிலின் வகுப்பறை உதவியாளர்கள், வேறு இடங்களில் வேலை செய்த குப்பை அள்ளுவோர், மைதானப் பராமரிப்பாளர் போன்றவர்களோடு தங்களை ஒப்பிடலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சமம் என்று நிரூபித்த பிறகும் கவுன்சிலுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். 'சம்பள வித்தியாசத்துக்குப் பாலினம் காரணமல்ல, வேறு உண்மையான காரணம் உண்டு' என்று அது காட்டலாம். அந்தக் கதவை அடைப்பதற்கான ஆதாரத்தைத்தான் முதல் ஆறு மாதம் திரட்டப் போகிறீர்கள்.

யார் முதலாளி என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். கவுன்சிலே முழுதாகச் சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனியில் இருந்தால் கவலையில்லை. கிளாஸ்கோ கவுன்சிலின் துணை நிறுவனங்களில் இருந்த பெண்கள் கவுன்சிலின் ஆண்களோடு ஒப்பிடலாம் என்று 2014இல் ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றம் ஏற்றது. தனியார் ஒப்பந்தக் கம்பெனியில் இருந்தால் நிலைமை வேறு. நார்த் யார்க்‌ஷையரைப் பாருங்கள். டெண்டரில் வெல்வதற்காகப் பள்ளிச் சமையல் பெண்களின் சம்பளத்தைக் கவுன்சில் குறைத்தது. 1995இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் பெண்கள் வென்றார்கள். அதே கவுன்சில் பகுதியில் தனியாரிடம் போன பெண்கள் 2002இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றார்கள். இரு தரப்புச் சம்பளத்தையும் தீர்மானிக்கும் ஒரே கை இல்லை என்பது காரணம்.

பணம் ஒளிந்திருக்கும் இடம்

பர்மிங்காமில் குப்பை அள்ளுவோர், தெரு கூட்டுவோர், கல்லறை தோண்டுவோர் ஆகியோருக்குப் போனஸ் இருந்தது; சமமான கிரேடில் இருந்த சமையல், துப்புரவு, பராமரிப்புப் பெண்களுக்கு இல்லை. இப்படிப்பட்ட போனஸ்கள் பல கவுன்சில்களில் 'உற்பத்தித் திறனுக்கு' என்று ஒரு காலத்தில் தொடங்கியவை. பிறகு யாரும் எதையும் அளக்காமலே மாதாமாதம் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டன. 2010இல் தீர்ப்பாயத்தில் பர்மிங்காமின் ஏறத்தாழ 4,000 பெண்கள் வென்றார்கள்.

இன்று வெளிப்படையான போனஸ் அரிது. தேட வேண்டியவை வேறு: ஆட்கள் வந்தாலே கிடைக்கும் வருகைப் படி, கூப்பிடாவிட்டாலும் கிடைக்கும் ஸ்டாண்ட்பை, வாரத்துக்கு இத்தனை மணி என்று உறுதி செய்த ஓவர்டைம், பழைய சம்பளத்தைக் குறையாமல் காக்கும் 'ஊதியப் பாதுகாப்பு', வேலைக்கு அவசியமே இல்லாத பொறுப்புப் பட்டத்தால் வரும் கூடுதல் கிரேடு.

இவற்றில் சம்பளச் சீட்டிலேயே தெரியாதது 'டாஸ்க் அண்ட் ஃபினிஷ்'. குப்பை வண்டி தன் தடத்தை முடித்துவிட்டால் ஆட்கள் வீட்டுக்குப் போகலாம். முழு நாள் சம்பளம் உண்டு. கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 14 பவுண்ட், வாரம் 37 மணி என்றால் 518 பவுண்ட். உண்மையில் 28 மணிதான் வேலை நடந்தது என்றால் மணிக்கு 18.50 விழுகிறது. வாரம் 25 மணி வேலை செய்யும் கேரருக்கு அதே கணக்கில் வாரம் 112.50, ஆண்டுக்கு 5,850 பவுண்ட் குறைகிறது. இது விளக்கத்துக்கான கணக்கு மட்டும். வழக்கில் கிடைக்கும் தொகை இதுதான் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பிரசாரத்தில் முதலில் உடைவது நம்பிக்கை; அதை உடைப்பது பெரும்பாலும் இப்படி வாய்தவறி விட்ட எண்தான்.

டாஸ்க் அண்ட் ஃபினிஷுக்கு ஆதாரம் வண்டியின் ஜிபிஎஸ் பதிவு, டிப்போ கேட்டின் நேரப் பதிவு, எடைமேடைச் சீட்டு ஆகியவற்றில் கிடைக்கும். வண்டிகள் திரும்பும் நேரத்தை நான்கு வாரம் நாள்தோறும் குறித்து வைத்தாலே ஒரு ஒழுங்கு புலப்படும். குறிப்பவர் பொதுச் சாலையில் நிற்கட்டும். டிப்போவுக்குள் நின்று படம் எடுக்க வேண்டாம்.

மதிப்பீட்டு முறைக்குள்ளேயே ஓட்டை இருக்கலாம். கிளாஸ்கோவில் 2000களின் நடுவில் கொண்டுவந்த புதிய ஊதிய அமைப்பு, வாரம் 37 மணி ஒப்பந்தம் உள்ளவர்களுக்குக் கூடுதல் புள்ளி தந்தது. பகுதிநேரமாக வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விதியில் பாலினம் என்ற சொல்லே இல்லை. விளைவில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அமைப்பு சரியானது என்று கவுன்சில் நிரூபிக்கவில்லை என 2017இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் காற்று திசை மாறியது.

கவுன்சிலிடமே கேட்டு வாங்குவது

தகவல் சுதந்திரச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் கேட்கலாம். 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். சொந்த மின்னஞ்சலிலிருந்து, உண்மைப் பெயரில், ஆங்கிலத்தில் அனுப்புங்கள். கவுன்சில் கொடுத்த மின்னஞ்சலைத் தொடவே வேண்டாம். பெயர் வெளியே தெரிவதற்குத் தயங்கினால், கவுன்சிலில் வேலை செய்யாத ஒருவர் கேட்கட்டும்.

முதல் கடிதத்தில் இவ்வளவு போதும்: கடந்த நிதியாண்டில் ஒவ்வொரு பதவிப் பெயருக்கும் கிரேடு, வேலை மதிப்பீட்டுப் புள்ளி, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை. இரண்டாவது கடிதத்தில், அதே பதவிகளுக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் கொடுத்த ஒவ்வொரு வகைப் படியின் பெயர், அதைப் பெற்ற ஆண்–பெண் எண்ணிக்கை, மொத்தத் தொகை. மூன்றாவதில், ஊதியப் பாதுகாப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதிவரை.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் பத்து ஆண்டுகளுக்குக் கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தேடுவதற்கு 18 மணி நேரத்துக்கு மேல், அதாவது 450 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றால் கவுன்சில் மறுக்கலாம். ஒரே பொருளில் 60 வேலை நாட்களுக்குள் வரும் கடிதங்களை ஒன்றாகக் கூட்டியும் கணக்கிடலாம். ஆகவே இடைவெளி விடுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான எண்ணிக்கையைத் தனிநபர் தகவல் என்று மறைப்பார்கள். 'அந்த இடத்தில் ஐந்துக்குக் கீழ் என்று மட்டும் போடுங்கள், மற்றதைத் தாருங்கள்' என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் ஒரு மாதம் மிச்சம். மறுத்தால் உள்மறுபரிசீலனை கேளுங்கள். அடுத்தது தகவல் ஆணையர்.

கவுன்சில் வெளியிடும் பாலின ஊதிய இடைவெளி அறிக்கையைக் காட்டி, 'எங்களிடம் இடைவெளியே இல்லை' என்பார்கள். அது மொத்த ஆண்களின் சராசரிக்கும் மொத்தப் பெண்களின் சராசரிக்கும் உள்ள தூரம். மேலதிகாரிகளில் பெண்கள் கூடினாலே அந்த எண் அழகாகிவிடும். அடிமட்டத்தில் கேரருக்கும் குப்பை வண்டிக்காரருக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே கிடக்கும். இரண்டும் வேறுவேறு கேள்விகள்.

சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், பாகுபாடு உண்டா என்று அறியப் பேசுவதை 2010 சட்டத்தின் 77ஆம் பிரிவு காக்கிறது. ஆண் நண்பர் தன் சீட்டைத் தானே காட்டலாம். அலுவலகக் கணினியில் இன்னொருவரின் சீட்டைத் திறந்து படம் பிடித்தால் அந்தப் பாதுகாப்பு உதவாது. வேலைக்கே ஆபத்து.

செய்கிற வேலையை முழுதாக எழுதுவது

பெண்கள் தோற்கும் இடம் நீதிமன்றத்தைவிட மதிப்பீட்டுப் படிவம்தான் என்பது எங்கள் கருத்து. 1997இல் இங்கிலாந்து, வேல்ஸ் கவுன்சில்களுக்கு வந்த ஒற்றை அந்தஸ்து ஒப்பந்தத்தோடு பரவிய தேசிய மதிப்பீட்டு முறையில் 13 அளவுகோல்கள் உண்டு. அறிவு, மனத்திறன், பேச்சு–பழக்கத் திறன், கைத்திறன், சுயமுனைப்பு, உடல் உழைப்பு, மன உழைப்பு, உணர்ச்சிச் சுமை, ஆட்கள் மீதான பொறுப்பு, மேற்பார்வை, பணம், பொருள், வேலைச் சூழல். நம்மவர்கள் படிவத்தில் எழுதுவது என்ன? 'பெரியவர்களுக்கு உதவி செய்வேன்.' ஒரே வரி. புள்ளியும் அதற்கேற்ப.

இரண்டு வாரம் நாட்குறிப்பு வையுங்கள். கைப்பேசியில் குரல் பதிவாக, தமிழிலேயே சொன்னால் போதும். பிறகு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதட்டும். வாடிக்கையாளரின் பெயர் எங்கும் வரக் கூடாது. எத்தனை, எவ்வளவு நேரம், தவறினால் என்ன ஆகும் என்ற மூன்றும் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும்.

'குளிக்க வைப்பேன்' என்பதற்குப் பதில்: மறதி நோய் முற்றியவர், சில நாள் அடிக்க வருவார், அவரைப் பேச்சால் அமைதிப்படுத்திய பிறகே தொட முடியும், தூக்கும் கருவியைச் சரியான வாரில் மாட்ட வேண்டும், வார் தவறினால் விழுவார், தோலில் புண் தொடங்குகிறதா என்று பார்த்துத் தாதிக்குச் சொல்வது என் பொறுப்பு. இந்த ஒரு காலைப் பொழுதிலேயே 13 அளவுகோல்களில் ஏழுக்குப் பதில் இருக்கிறது.

பள்ளிச் சமையலறை என்றால் எத்தனை சாப்பாடு, எத்தனை நிமிடத்தில், எத்தனை பிள்ளைகளுக்கு ஒவ்வாமை என்று எழுதுங்கள். சட்டம் பெயர் சொல்லி அறிவிக்கச் சொல்லும் ஒவ்வாமைப் பொருட்கள் 14. அவற்றைத் தட்டுத் தட்டாகக் கவனிப்பது 'பொறுப்பு' என்ற தலைப்பில் வர வேண்டும். 'பரிமாறுவேன்' என்பதற்குள் புதைந்துவிடக் கூடாது. வகுப்பறை உதவியாளர் வலிப்பு வந்த பிள்ளைக்கு மருந்து கொடுப்பது, குழாய் வழி உணவு கொடுப்பது, கடியும் உதையும் வாங்குவது ஆகியவற்றை எழுதுங்கள். துப்புரவுக்காரர் எந்த ரசாயனத்தை எந்த அளவில் கலக்கிறார், எந்த இரண்டைக் கலக்கவே கூடாது என்பதை எழுதட்டும்.

'சும்மா', 'கொஞ்சம்', 'எல்லாரும் செய்றதுதான்' ஆகிய சொற்களைப் படிவத்திலிருந்து வெட்டுங்கள். குப்பை வண்டிக்காரர் மழையில் நனைவதை 'கடுமையான வேலைச் சூழல்' என்று எழுதுகிறார், சரிதான். மலம் துடைப்பதும் அந்தத் தலைப்பில்தான் வர வேண்டும். கூச்சப்பட்டால் புள்ளி போகும்.

மேலாளர் கையெழுத்துக்கு முன் படிவத்தைத் திருத்துவார். அதனால் கொடுத்த பிரதியைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஒரே வேலை செய்யும் நான்கைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாக எழுதுவது நல்லது. தனியாக எழுதினால் ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்ல ஆளிருக்காது.

ஆட்களைத் திரட்டுவது

கேரருக்கு அலுவலகம் கிடையாது; தேநீர் அறை கிடையாது. ஒருவரை ஒருவர் தெரியாமலே பத்து ஆண்டு வேலை செய்திருப்பார்கள். ஆகவே இடத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்: காலை முதல் பேருந்து நிற்கும் இடம், கையுறையும் ஏப்ரனும் வாங்க வரும் அலுவலகத்தின் வாசல், பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவி முடியும் பிற்பகல், பயிற்சி வகுப்பு நடக்கும் நாள். ஒவ்வொரு வேலையிடத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். பெயர், மணி, யூனியன் உறுப்பினரா, யாரிடம் பேசினார், அடுத்து என்ன செய்வதாகச் சொன்னார் என்று ஐந்து கட்டம். அதைப் பூட்டி வையுங்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழு கூட்டத்துக்கு நேரம் சொல்ல உதவும், ஆளை மாற்றாது. அதில் நிச்சயம் ஒரு சூப்பர்வைசரும் இருப்பார் என்று எண்ணியே எழுதுங்கள்.

நேரில் பேசும்போது கேள்விதான் அதிகம் இருக்க வேண்டும். 'சம ஊதியம் உங்கள் உரிமை' என்று தொடங்கினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இப்படித் தொடங்கலாம்:

'அக்கா, காலையில எத்தனை வீடு? ஒரு வீட்டிலேருந்து இன்னொரு வீட்டுக்குப் போற நேரத்துக்குக் காசு வருதா?'

'அதெங்க வருது.'

'டிப்போவில இருக்கிறவங்க காலைல வண்டில ஏறினதிலேருந்து கணக்கு. அவங்க கிரேடும் உங்க கிரேடும் ஒண்ணு. இந்த ரெண்டு சீட்டையும் பாருங்க.'

பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பார்க்க விடுங்கள். அவர்களே கணக்கு போடும்போது வரும் கோபம் உங்கள் பேச்சால் வராது. முடிவில் ஒரு சிறு வேலை கொடுங்கள்: 'உங்க கூட வேலை செய்ற ரெண்டு பேரோட வியாழக்கிழமை வர முடியுமா?' ஒருவர் எத்தனை பேரைக் கூட்டி வந்தார் என்பதே அவர் தலைவியா என்பதற்கு அளவுகோல். நன்றாகப் பேசுகிறவர் எப்போதும் தலைவியாக இருப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எல்லாரும் யாரிடம் ஷிஃப்ட் மாற்றிக் கேட்கிறார்களோ அவரைத் தேடுங்கள்.

தமிழர் மட்டும் கூடிப் பேசிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதே சமையலறையில் வங்காளி, பஞ்சாபி, சோமாலி, ஆங்கிலேயப் பெண்கள் இருப்பார்கள். துண்டறிக்கை ஒரே பக்கம், எல்லா மொழியிலும் அதே எண்கள். கூட்டத்தை ஒரே நாளில் காலை 10, பிற்பகல் 3, மாலை 7 என்று மூன்று முறை வைத்தால் ஷிஃப்ட்காரர்கள் யாரும் விடுபட மாட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கூட்டத்துக்குப் பெண்கள் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பலத்தைப் படிப்படியாகச் சோதியுங்கள். முதலில் மனு, பிறகு ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லாரும் ஒரே நிற பேட்ஜ், அடுத்து கவுன்சில் கூட்டம் நடக்கும் மாலையில் வாசலில் கூடுதல். ஒரு படியில் பாதிப் பேர்கூட வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வராத வேலையிடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

யூனியனைப் பற்றியும் ஒரு சொல். கிளையில் பெரும்பாலும் ஆண்கள் பதவியில் இருந்தால் தயக்கம் இருக்கும். பழைய வடுவும் உண்டு: மிடில்ஸ்பரோவில் ஆண்களின் சம்பளத்தைக் காப்பதற்காகப் பெண்களின் பழைய சம்பள நிலுவையைக் குறைவாக முடித்துக்கொள்ளச் செய்ததற்காக ஜிஎம்பி யூனியன் மீதே பெண்கள் வழக்குப் போட்டு 2008இல் வென்றார்கள். இன்று அதே யூனியன்தான் பல கவுன்சில்களில் சம ஊதியப் பிரசாரத்தை முன்னின்று நடத்துகிறது. உங்கள் கிளை அசையவில்லை என்றால் வட்டார அலுவலகத்துக்கு உறுப்பினர் பட்டியலோடு எழுதுங்கள். தனி ஒருத்தியின் மின்னஞ்சலைவிட 60 கையெழுத்து வேகமாகப் பதில் வாங்கும்.

வழக்கும் கடிகாரமும்

நிலுவை, வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு. நீண்ட காலம் வேலை செய்தவருக்கு ஒரு மாதத் தாமதம் என்றால், மறுமுனையில் ஒரு மாதப் பணம் கரைந்துபோகிறது என்று பொருள். 'முதல்ல அவங்க கேஸ் என்ன ஆகுதுன்னு பார்ப்போம்' என்று காத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இழப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி வென்றால் உங்களுக்குத் தானாக வராது. உங்கள் பெயரில் உங்கள் மனு வேண்டும்.

மனுவுக்கு முன், வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் அமைப்பிடம் சமரச அறிவிப்புக் கொடுத்து அதன் சான்றிதழ் எண்ணைப் பெற வேண்டும். முதலாளியின் பெயரைச் சம்பளச் சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கவுன்சிலா, கவுன்சிலின் கம்பெனியா என்ற குழப்பத்தால் திரும்பி வந்த மனுக்கள் ஏராளம். தீர்ப்பாயக் கட்டணம் இப்போது இல்லை. யூனிசன் யூனியன் தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

வேலையை விட்டவர்களுக்குத் தீர்ப்பாயத்தில் 6 மாதம்தான். அது தவறினாலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாதாரண நீதிமன்றத்தில் 6 ஆண்டுவரை போகலாம் என்பதை பர்மிங்காமின் முன்னாள் ஊழியர்கள் 170க்கும் மேற்பட்டோர் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதி செய்தார்கள். அங்கே தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு தலையில் விழலாம். ஆகவே அது இரண்டாவது கதவு. ஒப்பந்தக் கம்பெனிக்கு மாற்றப்பட்டால், மாற்றத்துக்கு முந்தைய காலத்துக்கான கோரிக்கைக்கும் மாற்றிய நாளிலிருந்து 6 மாதம் ஓடத் தொடங்கும். மாற்றக் கடிதம் வந்த அன்றே யூனியனுக்குச் சொல்லுங்கள்.

'வென்றால் மட்டும் கட்டணம்' என்று வரும் வக்கீல்களிடம் சதவீதத்தைக் கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் உச்சம் 35%, வாட் வரி உட்பட. யூனியன் வக்கீல் இருக்கும்போது அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் அகப்பட்டுக்கொண்டால் வெளியே வரச் செலவாகும்.

அதே வேலையில் இருக்கும் ஆண் கேரரையும் விட்டுவிடாதீர்கள். பெண்கள் வென்றால் அவர்களோடு ஒப்பிட்டு அவரும் கேட்க முடியும். மனுவை அப்போதே போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

'பணம் இல்லை', 'ஆண்களின் சோற்றில் மண்'

இந்த இரண்டு பேச்சும் கட்டாயம் வரும். பர்மிங்காம் கவுன்சில் 2023 ஜூனில் சம ஊதியப் பொறுப்பு 65 முதல் 76 கோடி பவுண்ட் என்று சொல்லி, செப்டம்பரில் 114ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்தது. அதாவது புதிய செலவை நிறுத்தியது. நகரம் திவாலானதற்குப் பெண்கள்தான் காரணம் என்பதுபோல் செய்தி ஓடியது. ஆரக்கிள் கணினி அமைப்பு சொதப்பியதில் போன பணமும் அதே நெருக்கடியில் இருந்தது. 2010 தீர்ப்புக்குப் பிறகும் சிக்கலைத் தீர்க்காமல் விட்டதும் அதே கவுன்சில்தான். இதைச் சொல்லும்போது எண்களோடு, அமைதியாகச் சொல்லுங்கள். வாடகை உயர்ந்த, நூலகம் மூடிய பகுதியில் நிற்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

கிளாஸ்கோ எப்படிக் கொடுத்தது? நகரின் கட்டடங்கள் சிலவற்றைத் தன் துணை நிறுவனத்துக்கு விற்று, திரும்ப வாடகைக்கு எடுத்துப் பணம் திரட்டியது. வழி இருந்தது.

ஆண்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. கவுன்சில்கள் பெண்களை உயர்த்துவதற்குப் பதில் ஆண்களைக் குறைத்து 'சமம்' ஆக்கப் பார்க்கும். பர்மிங்காமில் 2025 மார்ச்சில் தொடங்கிய காலவரையற்ற குப்பை வேலைநிறுத்தத்தில், வண்டியில் இருந்த ஒரு பதவியை நீக்கியதற்குச் சம ஊதிய ஆபத்தையே கவுன்சில் காரணம் காட்டியது. யுனைட் யூனியன் அதை ஏற்கவில்லை. எனவே முதல் துண்டறிக்கையிலேயே 'மேலே ஏற்று, கீழே இறக்காதே' என்று எழுதி, அதை டிப்போவில் பெண்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வேலைநிறுத்த நாளன்று அல்ல, ஆறு மாதம் முன்பே. கிளாஸ்கோவில் பெண்கள் நின்ற மறியல் வரிசையைத் தாண்டக் குப்பை வண்டிக்காரர்கள் மறுத்தார்கள்.

வேலைநிறுத்தம்

2018 அக்டோபர் 23, 24 ஆகிய இரு நாட்கள், கிளாஸ்கோவில் ஏறத்தாழ 8,000 பேர் வேலையை நிறுத்தினார்கள்; பெரும்பாலோர் பெண்கள். அடுத்த ஜனவரியில் 50 கோடி பவுண்டுக்கும் மேலான உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வழக்கு பத்தாண்டுக்கு மேல் நடந்ததையும் இரண்டு நாள் செய்ததையும் ஒப்பிட்டு 'வழக்கே வேண்டாம்' என்று முடிவு கட்டாதீர்கள். வழக்குகள் நிலுவையில் இருந்ததால்தான் அந்த இரண்டு நாளுக்கு அத்தனை கனம்.

வேலைநிறுத்தத்துக்கான வாக்கெடுப்பு தபாலில் வீட்டுக்கு வரும்போது, பழைய முகவரிதான் முதல் எதிரி. 2016 தொழிற்சங்கச் சட்டம் உறுப்பினரில் 50% பேர் வாக்களிக்க வேண்டும் என்று வைத்தது. அதனால் உள்கணக்கில் 65% உறுதியாகும்வரை வாக்கெடுப்பு கேட்காதீர்கள். மூன்று மாதம் முன்பே ஒவ்வொருவரின் முகவரியையும் வேலையிடப் பெயரையும் சரிபாருங்கள். பட்டியல் பிழையைப் பிடித்துக்கொண்டு கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போகும். 2025 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் அறிவிப்பு நாள், வாக்கெடுப்பு விதிகள் பலவற்றைப் படிப்படியாக மாற்றுகிறது. ஆகவே தேதி குறிக்கும் முன் வட்டார அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும்.

பராமரிப்பு வேலையில் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது. 1992 தொழிற்சங்கச் சட்டத்தின் 240ஆம் பிரிவும் அதைக் குற்றமாக்குகிறது. இன்சுலின் போடுபவர்கள், குழாய் உணவில் இருப்பவர்கள், வேறு யாருமே இல்லாதவர்கள் யார் என்ற பட்டியலைக் கவுன்சிலோடு பேசி முடித்து, அந்த வீடுகளுக்கு யார் போவது என்பதை யூனியனே நியமிக்கட்டும். குடும்பங்களுக்கு இரண்டு வாரம் முன்பே, கேரரின் கையாலேயே கடிதம். தொலைக்காட்சிக்காரர்கள் தேடிப் போவது அந்தக் குடும்பங்களைத்தான்.

கையெழுத்துக்கு முன்பும் பின்பும்

உடன்பாடு எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை என்பதை முதலில் பாருங்கள். கிளாஸ்கோவில் பழைய ஊதிய அமைப்பை மாற்றாமலே 2019 பணம் கொடுக்கப்பட்டது. கடிகாரம் மறுநாளே திரும்ப ஓடத் தொடங்கியது. 2022இல் இன்னொரு வேலைநிறுத்த அறிவிப்பும் இன்னொரு உடன்பாடும் தேவைப்பட்டன. இரண்டு உடன்பாடும் சேர்த்து ஏறத்தாழ 77 கோடி பவுண்ட். புதிய மதிப்பீடு எப்போது முடியும் என்ற தேதி உடன்பாட்டிலேயே வேண்டும்; தவறினால் என்ன என்பதும்.

தொகையில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு வட்டி, வருமான வரி யார் கணக்கில், ஓய்வூதியத்துக்குச் சேருமா என்று எழுதி வாங்குங்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கு மொத்தத் தொகை வந்த மாதமே உதவி நிற்கலாம். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் தகுதியே போய்விடும். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸில் முன்கூட்டி நேரம் வாங்கிக் கொடுப்பது கிளையின் வேலை.

காத்திருக்கும்போதே இறந்துபோனவர்கள் இருப்பார்கள். அவர்களின் கோரிக்கை குடும்பத்துக்குச் செல்லும், யாராவது பட்டியலில் பெயரை வைத்திருந்தால். ஆகவே ஒவ்வொரு மனுவின் பிரதியையும், பழைய சம்பளச் சீட்டுகளையும், ஆண்டிறுதி வரிச் சீட்டையும் ஒரு கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.